சத்தத்துக்காக வாங்கிய கேமரா

குணவதி இருபத்திரண்டு ஆண்டுகள் மைக்குகளைச் சோதித்தவர். பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை. அரிசிமணி அளவில் மைக்குகள் செய்து உலகத்துக்கு அனுப்பும் இடம். காற்றுகூட வாய் திறக்காத ஓர் அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இது தேறும், இது தேறாது என்று பிரித்துப் போடுவது அவர் வேலை. எத்தனையோ லட்சம் பேரின் பேச்சுக்கு அவர் வழி திறந்துவிட்டிருக்கிறார். அவருடைய பேச்சை மட்டும் யாரும் பதிவு செய்ததில்லை, அவசியமும் இருந்ததில்லை. தொழிற்சாலை வேறு நாட்டுக்கு இடம் மாறியபோது நன்றிக் கடிதமும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். கடிகாரம் சத்தம் போட்டது. அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

ஐம்பத்தோராவது வயதில் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை முழுதாக எடுத்துவிட வேண்டும் என்றார் மருத்துவர். குணவதி சிகரெட்டைத் தொட்டவரில்லை. வீட்டில் புகைத்தவர் அப்பா, ஒரு நாளைக்கு இரண்டு பெட்டி. அவரோ எழுபத்தொன்பது வயதில், நெஞ்சில் ஒரு குறையும் இல்லாமல், லாரி மோதிப் போய்ச் சேர்ந்தார். அறுவை சிகிச்சைக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது. குரல் போன பிறகு கழுத்தில் வைத்து அழுத்திப் பேச ஒரு கருவி உண்டு என்று சொல்லி, அதன் சத்தத்தையும் போட்டுக் காட்டினார்கள். குணவதி ஒரு நொடிதான் கேட்டார். பழைய வேலையாக இருந்தால் தேறாதவற்றுக்கான சிவப்புப் பெட்டியில் போட்டிருப்பார்.

உட்கார்ந்து அழுதிருக்கலாம். ஆனால் கிஷன் இருந்தான்.

கிஷன் தம்பி. முப்பத்தெட்டு வயது. அறிவு ஐந்து வயதில் நின்றுவிட்டது. உடம்பு மட்டும் அதனிடம் சொல்லாமல் வளர்ந்துவிட்டது. வலிப்பு உண்டு, காலையில் ஒரு மாத்திரை, மாலையில் ஒரு மாத்திரை. ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் எட்டாவது மாடியில் இரண்டு பேரும்தான். “கிஷன், மாத்திரை” என்று அக்கா சொன்னால் விழுங்குவான். விழுங்கியதற்குச் சாட்சியாக வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டிக் காட்டுவான். வேறு யார் சொன்னாலும் உதடு பூட்டிக்கொள்ளும். மூன்று வருடத்துக்கு முன் குணவதிக்கு டெங்கி வந்து நான்கு நாள் மருத்துவமனையில் இருந்தார். பக்கத்து வீட்டு சித்தி ஆயிஷா (சித்தி உறவுமுறை அல்ல, பெயரே அப்படி) கெஞ்சிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார், சோற்றில் ஒளித்துப் பார்த்தார். சோறு உள்ளே போயிற்று, மாத்திரை வெளியே வந்தது. மூன்றாம் நாள் வலிப்பு வந்து குளியலறை வாசலில் விழுந்தான். முன்பல் இரண்டு போயின.

கைப்பேசியில் அக்கா பேசினால் போதாதா என்றால், அதையும் அப்போதே பார்த்தாயிற்று. கைப்பேசியில் வருவது வெளியே இருக்கிற அக்கா. ஆகவே அவன் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டான்.

டிவியில் வருகிறவர்கள் வேறு வகை. அவர்கள் வீட்டுக்குள் இருப்பவர்கள். செய்தி வாசிப்பவர் வணக்கம் சொன்னால் கிஷன் எழுந்து நின்று பதில் வணக்கம் சொல்வான். சமையல் நிகழ்ச்சியில் உப்புப் போடச் சொன்னால் அடுப்படிக்குப் போய் உப்பு டப்பாவை எடுத்து வருவான். எனவே டிவிக்குள் போய்விடுவது என்று குணவதி முடிவு செய்தார்.

முதலில் கைப்பேசியில் தன்னை வீடியோ எடுத்து டிவியில் போட்டுப் பார்த்தார். கிஷன் கொஞ்ச நேரம் கேட்டான். “அக்கா இல்ல,” என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவருக்குக் கோபம் வரவில்லை, ஏனென்றால் அவன் சொன்னது சரி. மின்விசிறிச் சத்தத்தை நீக்குகிறேன் என்று கிளம்பிய கைப்பேசி, குரலில் பாதியையும் சேர்த்துச் சுரண்டியிருந்தது. அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் நல்ல காது; ஒருவருக்கு அதற்காகச் சம்பளம் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து பிரியும் சந்தில் அப்துல் அஜீஸின் கேமராக் கடை இருக்கிறது. குணவதி தன் ஹெட்போனைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

“என்னக்கா எடுக்கப் போறீங்க? கல்யாணமா, யூடியூப்பா?”

“என்னையத்தான். வீட்டுல வெச்சு. சின்னதா இருக்கணும், வெல ரொம்பப் போகக்கூடாது, சத்தம் நல்லா இருக்கணும்.”

“போலே லா, குடுத்துரலாம்க்கா!” என்று அஜீஸ் உள்ளங்கையில் அடங்கும் வெள்ளை நிறக் கேமரா ஒன்றை எடுத்து வைத்தார். “மிரர்லெஸ், புது மாடல். பின்னால இருக்கறதெல்லாம் மங்கிப் போயி, மொகம் மட்டும் பளிச்சுன்னு வரும். பத்து வயசு கொறஞ்சிரும்.”

“ஹெட்போன் சொருக எடமில்லையேண்ணே.”

“ஹெட்போன் எதுக்கு? சத்தம் தானா வந்துரும்.”

“தானா வர்றத நான் நம்பறதில்ல.”

இரண்டாவது கேமராவில் மைக்குக்கும் ஹெட்போனுக்கும் துளை இருந்தது. குணவதி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, “கொஞ்சம் பேசாம இருங்க,” என்றார். அஜீஸ் இருபத்தைந்து வருட வியாபாரத்தில் முதன்முறையாக ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். குணவதி அந்த ஒரு நிமிட அமைதியைப் பதிவு செய்து, திரும்பப் போட்டுக் கேட்டார்.

“உள்ள கிர்ருங்குது.”

“எனக்கு ஒண்ணும் கேக்கலியே.”

“லென்ஸ் மோட்டாரு. மைக்கத் தள்ளி வெச்சா போயிரும். அது பரவால்ல. இதக் கேளுங்க.” ஹெட்போனை அஜீஸின் காதில் வைத்தார். “நான் பேசறப்ப சரியாத்தான் இருக்கு. நான் வாய மூடினா இது வாயத் தொறக்குது.”

அஜீஸ் கேட்டார். குணவதி பேச்சை நிறுத்தும் இடத்திலெல்லாம் தூரத்துக் கடல்போல் ஓர் இரைச்சல் மெல்ல எழுந்து வந்தது. சத்த அளவைக் கேமரா தானே கூட்டிக் குறைப்பதால் வரும் வினை. அதை நிறுத்த வழியுண்டா என்று தேடித் தேடிப் பார்த்துவிட்டு அஜீஸ் உதட்டைப் பிதுக்கினார்.

“படத்தப் பாக்காம கேமரா வாங்க வந்த மொத ஆளு நீங்கதாங்க்கா. காது டாக்டரா?”

“அந்த மாதிரிதான்.”

மூன்றாவது, ஒரு கல்யாண வீடியோக்காரர் விற்றுவிட்டுப் போன பழைய கேமரா. மூலையெல்லாம் தேய்ந்திருந்தது. ஆனால் சின்னது, சத்த அளவைக் கையால் வைத்து அங்கேயே நிறுத்தலாம். அதில் அமைதி அமைதியாகவே இருந்தது.

“இது வேணாங்க்கா. படம் சுமாரு. வெளிச்சம் கொறஞ்சா புள்ளி புள்ளியா வரும். மொகத்துச் சுருக்கமெல்லாம் அப்படியே தெரியும்.”

“மொகம் எங்கயும் போகலண்ணே. கொரல்தான் போவுது. பதினாலாந்தேதி.”

அவர் குரலில் இருந்த கரகரப்பைச் சளி என்று நினைத்திருந்த அஜீஸ் அவர் கழுத்தைப் பார்த்தார், பிறகு கேமராவைத் துடைக்க ஆரம்பித்தார். கேட்காமலே விலையைக் குறைத்தார். சட்டையில் குத்தும் மைக் ஒன்றையும் பையில் போட்டார். வியாபாரி பேரமில்லாமல் விலையைக் குறைத்தால் நோய் முற்றிவிட்டது என்று பொருள்.

கிஷனை சித்தி ஆயிஷா வீட்டில் விட்டுவிட்டு, குணவதி தன் அறையை ஒலிக்கூடமாக்கினார். சுவர்களில் போர்வை, ஜன்னலில் மெத்தை, மின்விசிறி நிறுத்தம். பினாங்கு மத்தியானத்தில் அது வேகவைக்கும் அறையும்கூட. தொண்டை சற்று இளகியிருந்தது பிற்பகல் இரண்டு மணிக்குத்தான். வேறு நேரம் கிடையாது. என்னென்ன தப்பு வரலாம் என்று தொழிற்சாலை முறைப்படி பட்டியல் போட்டு, தப்புக்கு ஒன்றாக இருபத்துமூன்று துண்டுகள் எடுத்தார். மாத்திரைக்கு ஒன்று. சோற்றுக்கு ஒன்று. அடுப்பைத் தொடாதே என்பதற்கு ஒன்று. கதவுக்கு ஒன்று. ஒருமுறை தண்ணீர் வடிகட்டி விற்க வந்தவனுக்குக் கதவைத் திறந்து, “உக்காருங்க” என்று உபசரித்து, அக்காவின் இஸ்திரிப் பெட்டியைக் கொடுத்தனுப்பியவன் கிஷன். அதற்கு, வேலைக்குப் போன காலத்தில் தினமும் சொன்ன வாக்கியமே போதும் என்று தோன்றியது. வாயில் தானாக வந்தது.

“கிஷன், யார் வந்தாலும் கதவத் தொறக்காத. அக்கா வந்து கூப்புடுவேன். அப்பத்தான் தொறக்கணும்.”

ஒவ்வொரு துண்டையும் ஹெட்போனில் இரண்டு முறை கேட்டார். இரைச்சல் இல்லை, உடைப்பு இல்லை. சத்தத்தைச் சோதித்தார், சொன்னதைச் சோதிக்கவில்லை. அது அவருடைய பிரிவு அல்ல.

அன்று மாலை டிவியில் முதல் துண்டைப் போட்டு, குணவதி அடுப்படியில் நின்று பார்த்தார். கிஷன் எழுந்து நின்றான். “சரிக்கா,” என்றான். விழுங்கினான். அடுப்படிப் பக்கம் திரும்பவே இல்லை. தேறியது.

மருத்துவமனையில் பதினெட்டு நாள். கிஷன் முப்பத்தாறு மாத்திரைகளையும் விழுங்கினான். “ஒண்ணுகூடத் தப்பல,” என்று சித்தி ஆயிஷா தினமும் செய்தி அனுப்பினார். கடைக்குப் போகும் நேரத்தில் கதவுத் துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் போனால் நிம்மதி என்றும் எழுதியிருந்தார்.

ஒரு நாள் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பேச முடியாதவர் செய்தி அனுப்பலாம். அதைப் பார்க்க வேண்டியவர் கைப்பேசியைச் சார்ஜில் போட்டுவிட்டு மீன் வாங்கப் போயிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. வாடகைக் காரில் வந்து இறங்கிய குணவதி எட்டாவது மாடியில் தன் வீட்டு வாசலில் நின்றார். சாவி சித்தி ஆயிஷாவிடம் இருந்தது. மரக்கதவு திறந்திருக்க, இரும்புக் கதவு பூட்டியிருந்தது; வெளியிலிருந்து திறக்கச் சாவி வேண்டும், உள்ளிருந்து கையாலேயே திறக்கலாம். உள்ளே அவர் குரல் பேசிக்கொண்டிருந்தது.

“கிஷன், யார் வந்தாலும் கதவத் தொறக்காத.”

கம்பியில் தட்டினார். கிஷன் வந்து பார்த்தான். ஒன்பது கிலோ இளைத்து, கழுத்தில் துணி கட்டி, துணிக்குள்ளிருந்து மூச்சு விசிலடிக்க ஒரு பெண் நின்றாள். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். உள்ளே டிவியைக் காட்டினாள். மறுபடியும் நெஞ்சைத் தொட்டாள். அவன் மரியாதையாகத் தலையசைத்தான். “அக்கா வந்து கூப்புடும். அப்பத்தான்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டான்.

குணவதி மாடிப்படியில் உட்கார்ந்தார். நாற்பது நிமிடம். அந்த வாக்கியத்தை அன்றுதான் முழுதாகக் கேட்டார். வாசல் வரைக்கும் தெளிவாகக் கேட்டது. வாக்கியங்களுக்கு நடுவில் துளி இரைச்சல் இல்லை.

சித்தி ஆயிஷா மீன் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். “அல்லாவே! எப்ப வந்தே? ஏன் இங்க ஒக்காந்திருக்கே?” கதவைத் திறந்து கிஷனின் தோளைப் பிடித்து உலுக்கினார். “டேய், யாருன்னு பாருடா! ஒங்கக்காடா!”

கிஷன் டிவியைக் கைகாட்டினான். “அக்கா அங்க.” பிறகு, வீட்டுக்கு வந்தவர்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அக்கா பழக்கியிருந்தபடி, நாற்காலியை இழுத்துப் போட்டான். “ஆன்ட்டி, உக்காருங்க.”

குணவதி உட்கார்ந்தார்.

மாலை ஆறு மணிக்கு ஒரு கையில் மாத்திரையும் மறு கையில் தண்ணீருமாக அவன் முன்னால் போய் நின்றார். உதடு பூட்டிக்கொண்டது. குனிந்து அவன் கன்னத்தைத் தொட்டார். டிவி மறைகிறது என்று கையை மெதுவாக விலக்கினான். மாத்திரையை மேசையில் வைத்துவிட்டு, ரிமோட்டை எடுத்துக்கொண்டு, அவன் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். முதல் துண்டை அழுத்தினார்.

“கிஷன், மாத்திரை.”

“சரிக்கா.” எழுந்து நின்று விழுங்கினான். வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டி டிவியிடம் காட்டினான். பின்னால் நின்றவருக்கு அவன் பிடரிதான் தெரிந்தது.