தேங்காய்க்கு மாட்டிய தலைக்கவசம்

கடந்த ஆடி மாதம், இரண்டாவது வெள்ளி. பெரகல சந்திக்கு இறங்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் என் சைக்கிளின் பிரேக் கம்பி அறுந்தது. கீழே லொறிகள் ஓடும் பெரிய ரோடு. மேலே ஐம்பத்திரண்டு வயது முட்டாள். அந்த முட்டாளை முருகன் காப்பாற்றிய கதையைத்தான், அடியார்களே, சொல்ல வந்தேன்.

சைக்கிளுக்கு ஹெல்மெட் தேவையா என்று தேத்தண்ணிக் கடையில் பேச்சு வந்தால் என் குரல்தான் உயரும். "முருகன நம்பாதவன்தான் மண்டையில சட்டி கவுத்துக்குவான்!" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காக எதையும் பேசுவேன், வெட்கங்கெட்டவன்.

மனைவி செல்வி பதுளையில் ஒரு ஹெல்மெட் வாங்கி வந்தாள். நான் வீணாக்கவில்லை. வெள்ளிதோறும் கோயிலுக்கு எடுத்துப்போகும் தேங்காயை அதற்குள் வைத்து ஹேண்டிலில் மாட்டிக்கொள்வேன். பாதை குண்டும் குழியும். கீறல் விட்ட தேங்காயைச் சாமிக்கு உடைக்கலாமா? என் மண்டையைப் பற்றி அப்படியொரு கவலை வந்ததில்லை. உள்ளே இருந்ததற்கு அது சரியான மதிப்புத்தான்.

அன்று காலை செல்வி தேங்காயைப் பையில் போட்டு ஹேண்டிலில் மாட்டினாள். ஹெல்மெட்டை என் தலையில் கவிழ்த்து வாரைப் பூட்டினாள்.

"கடையில சிரிப்பானுங்க, செல்வி."

"சிரிக்கட்டும். நான் அழாம இருந்தா சரி."

முதல் வளைவு தாண்டியதும் ஒற்றைக் கையால் கழற்றப் பார்த்தேன். வரவில்லை. திட்டினேன். இரண்டாவது வளைவில் கம்பி அறுந்தது. முன் பிரேக்கா? அது போன வருசமே போனது. அதையும் முருகன் பொறுப்பில் விட்டிருந்தேன்.

பெரிய பக்தன் என்ன செய்தான் தெரியுமா? "அம்மா" என்று அலறினான். மொட்டை போடுகிறேன் என்றேன். தலையில் முடி இல்லையே என்று ஞாபகம் வந்ததும் காவடிக்கு மாறினேன். கதிர்காமத்துக்கு நடந்தே வருவதாகச் சொன்னேன். மூன்றாவது வளைவில் கடா வெட்டவும் ஒப்புக்கொண்டேன். முருகனுக்குக் கடா! கடைசியில்தான் உண்மையான ஒன்று வாயில் வந்தது: "முருகா, செல்வி தனியாயிருவா."

ரோட்டைத் தொடுமுன் சைக்கிள் மழைத்தண்ணி ஓடும் கானுக்குள் பாய்ந்தது. என் தலை கொங்கிரீட் விளிம்பில் மோதியது. முகமெல்லாம் ஈரம். தடவினேன். வெள்ளையாக ஏதோ கையில் ஒட்டியது.

"ஐயோ, என் மூளை!"

கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடிவந்து குனிந்து பார்த்தாள். "மூளையெல்லாம் இல்லண்ணே. தேங்காச் சில்லு."

ஹெல்மெட் பிளந்திருந்தது. தலையில் ஒரு வீக்கம்கூட இல்லை. கானுக்குள் உட்கார்ந்து அழுதேன். நான் முருகனைக் கூப்பிட்டது மூன்றாவது வளைவில். அவனோ காலையிலேயே செல்வியின் கையால் பதிலை என் தாடையில் பூட்டியிருந்தான், நான் இழுத்தாலும் கழலாதபடி.

காவடி எடுத்துவிட்டேன். கடாவுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டேன். புது ஹெல்மெட்டோடுதான் கடைக்குப் போகிறேன். பழைய என்னைப் போன்ற வீரர்கள் இன்னும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், கேட்பதற்கு நான் இருக்கிறேனே.

அவனை நம்புங்கள், அடியார்களே. நம்பிக்கொண்டே வாரையும் பூட்டுங்கள். அவன் சந்நிதியில் தேங்காய் மட்டும் உடையட்டும்.