மயிரிழை உயரம்

எங்கள் பட்டறையில் அவருக்குச் "சிரிப்பு" என்று பெயர். ஊருக்கெல்லாம் பொய்ப்பல் செய்து கொடுக்கிற மனிதர் தன் பல்லைக் காட்டி யாரும் பார்த்ததில்லை, அதனால் வந்த பெயர். அவருக்கே முன்பல் இரண்டும் பொய்ப்பல். பதினான்கு வயதில் அண்ணன் விட்ட ஒரே அறையில் போனவை.

அதே அண்ணன்தான் அப்பா அம்மா போன பிறகு மூட்டை தூக்கி அவரைப் படிக்க வைத்தார். காய்ச்சல் என்றால் வேலைக்குப் போகாமல் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருப்பாராம். "அவரை நினைச்சா கோபம் முதல்ல வருதா, பாசம் முதல்ல வருதான்னு எனக்கே தெரியலப்பா" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். நான் பல்லுக்கு மெருகு போடுகிறவன். என் வேலையைப் பார்த்தேன்.

வயதான காலத்தில் அண்ணனுக்குப் பல்லெல்லாம் கொட்டிவிட்டது. "தம்பி இருக்கும்போது டாக்டர் என்னத்துக்கு?" என்று இவரிடமே வந்தார். அளவெடுத்தது, செய்தது, மாட்டியது எல்லாம் இவர்தான். எங்கள் வேலையில் கடைசியாக ஒன்று உண்டு. மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் நடுவில் நீலத்தாளை வைத்துக் கடிக்கச் சொல்வோம். உயரமாக நிற்கிற பல்லில் நீலப் பொட்டு விழும். அந்த இடத்தை அரத்தால் ராவிவிட்டால் முடிந்தது, ஒரு நிமிஷ வேலை. விட்டுவிட்டால் ஒவ்வொரு கடிக்கும் ஈறு புண்ணாகும்.

மெருகு போடும்போதே நான் கவனித்தேன். "இடது கடைவாய்ப்பல் ஒரு மயிரிழை தூக்கலா இருக்குங்க" என்றேன். "இருக்கட்டும்" என்றார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நானும் வாயைப் பொத்திக்கொண்டேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு.

அண்ணன் எட்டு மாதம் அதைப் போட்டிருந்தார். வலிக்கிறதா என்று யாராவது கேட்டால், "புதுச் செருப்புன்னா கடிக்கத்தான் செய்யும். என் தம்பி செஞ்சதாக்கும்" என்பாராம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சிரிப்பு நீலத்தாளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் அண்ணன் வீட்டுக்குப் போனார். எடுக்காமலே திரும்பி வந்தார். ஒருநாள் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை.

அண்ணி அந்தப் பல்செட்டை ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தார். "நல்ல போட்டோ ஒண்ணுகூட இல்ல தம்பி. மெழுகுல அவர் முகம் மாதிரி ஒண்ணு செஞ்சு குடு."

சாப்பாட்டு நேரங்களில் செய்ய ஆரம்பித்தார். பட்டறையில் மிஞ்சிய இளஞ்சிவப்பு மெழுகையெல்லாம் உருக்கிச் சேர்த்தார். வேறு யாராவது என்றால் நெற்றியில், மூக்கில் தொடங்குவார்கள். இவர் பல்செட்டைத் தாடைபோலத் திறந்து மூடுகிற கீலில் மாட்டி, அதைச் சுற்றி முகத்தை எழுப்பினார். திங்கட்கிழமை அறைகிற அண்ணன் வருவார். செவ்வாய்க்கிழமை அதைச் சுரண்டி எறிந்துவிட்டு, தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அண்ணனைச் செய்வார். ஒருநாள் அந்த மெழுகுக் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டார். ஐந்து விரலும் பதிந்தன. பிறகு அழுதுகொண்டே கட்டைவிரலால் அந்தத் தடத்தைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தார்.

கடைசியில் இரண்டையும் விட்டுவைத்தார். புருவத்தில் கோபம், கண்ணில் கனிவு. வாய் மட்டும் மூடவில்லை. அந்த ஒரு பல் தடுத்தது. தாடை ஒரு பக்கமாகக் கோணி, வலியை விழுங்குகிற மாதிரி இருந்தது. அரம் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது.

அண்ணி வந்து பார்த்தார். பார்த்ததும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அவரேதான். கடைசியில சோத்துல கை வெச்சாலே வாய் இப்படித்தான் கோணும்" என்று கண்ணைத் துடைத்தார். "வாயை மட்டும் மூடி விட்டுடேன் தம்பி. பாக்க முடியல."

சிரிப்பு சட்டைப்பையிலிருந்து நீலத்தாளை எடுத்தார். மடிப்பெல்லாம் நைந்துபோயிருந்தது. பல்லுக்கு நடுவில் வைத்துத் தாடையை அழுத்தி எடுத்தார். கடைவாய்ப்பல்லில் நீலப் பொட்டு.

"இதை ராவினா மூடிக்கும் அண்ணி. ஒரு நிமிஷம் போதும். அப்பவே ராவியிருக்கலாம். தெரிஞ்சேதான் விட்டேன்."

அண்ணிக்குப் புரிய நேரமாயிற்று. என் பக்கம் திரும்பினார், நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எட்டு மாசம் சோத்தைக் குழைச்சுக் குழைச்சுப் போட்டேன் தம்பி. 'எனக்குத்தான் வயசாயிடுச்சு, பல்லு மேல குத்தமில்ல'ன்னாரு." எழுந்தார். "அன்னிக்கு அவர் உன்னை அடிச்சப்போ உன் வாயில வந்த ரத்தத்தைத் துடைச்சவ நான். ஆனா இது என் வீட்டுக்கு வேண்டாம். நீயே வெச்சுக்கோ."

அதன்பிறகு அண்ணி இங்கே வரவில்லை. சிரிப்பையும் வீட்டுக்குக் கூப்பிடவில்லை.

அந்தத் தலை இப்போது அவர் மேசையில், அவரைப் பார்த்தபடி இருக்கிறது. அதற்கு முன்னால் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார். எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் அரத்தை எடுத்து நீட்டினேன்.

"இனியாவது ராவிடுங்களேன். இன்னுமா கோபம்?"

"ஆமா" என்றார்.

அரத்தை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு ஈரத்துணியை எடுத்து, அண்ணன் முகத்தில் படிந்திருந்த பிளாஸ்டர் தூளை வலிக்காமல் துடைத்துவிட்டார்.