பின்னால் படுத்துப் பார்த்து வாங்கிய ஜீப்

பழைய ஜீப் விற்கிறவனுக்குப் பெண் கொடுக்க எவரும் யோசிப்பார்கள். நல்லவேளை, எனக்குக் கலியாணம் நடந்தபோது நான் சைக்கிள் விற்றுக்கொண்டிருந்தேன்.

வெள்ளைக்காரர் திருகோணமலைத் துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது ஏலத்துக்கு வந்த ஜீப்புகளில்தான் என் தொழில் தொடங்கியது. பிறகு புது வாகன இறக்குமதி முடங்கியதும் அந்தக் கிழட்டு ஜீப்புகளுக்கு மவுசு கூடிவிட்டது. காட்டுக்குள் இரத்தினம், வெள்ளைக்கல், இரும்புக்கல் என்று எதையாவது தேடிப் போகிறவர்களுக்கு முன்சில்லு, பின்சில்லு என்று நாலு சில்லும் இழுக்கிற வண்டி வேண்டும். அவர்கள் எல்லோரும் திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் வண்டிகளை நிறுத்தி வைத்திருந்த என் வளவுக்குத்தான் வந்தார்கள். பழைய வாகனம் வாங்கித் தலையில் கைவைத்தவர்களே, விற்றுவிட்டு ஒளித்துத் திரிந்தவர்களே, நாமெல்லாம் ஒரே குட்டையில் ஊறின மட்டைகள். ஆகவே உங்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். நான் விற்ற வண்டிகளில் பலவற்றை மறக்கத்தான் விரும்புகிறேன். இரண்டு மனிதருக்காகத் தேடிக் கொடுத்த ஒன்றை மட்டும் இன்றும் மரியாதையோடு நினைக்கிறேன்.

சரிவின் தயவு

என் வளவு நல்ல சரிவு. தொழில் தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மேலே முகம் கீழ்நோக்கி நிற்கும் ஜீப்பின் பிரேக்கை விட்டால் அது தானாக உருளும். கிளட்ச்சை விட்டதும் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பற்றறி செத்துக் கிடந்தாலும் வாங்க வந்தவர் "ஆகா, என்ன துடிப்பு!" என்பார். என்னுடைய மெக்கானிக் அன்ரன் பாஸ் அந்தச் சரிவை எங்கள் பங்காளி என்றே சொல்லுவார்.

ஒரு காலை இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கிண்ணியா ஹனிபா காக்கா. செங்கல் சூளை வைத்திருந்தவர், கண்ணாடி வார்ப்பதற்கான வெள்ளைக்கல்லைத் தேடிக் காடு ஏறத் தொடங்கியிருந்தார். மற்றவர் அவருடைய கூட்டாளி வேலாயுதம், மூதூர்க்காரர். இடது கால் கொஞ்சம் கட்டை, சாய்ந்து சாய்ந்து நடப்பார். நான் வழக்கம்போல ஒரு ஜீப்பை உருட்டி எஞ்சினை முழங்க வைத்தேன். ஹனிபா காக்கா மரியாதையாகக் கேட்டு முடித்துவிட்டு, கடற்கரை வீதிச் சமதரைக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொன்னார். அது கிணுங்கக்கூட இல்லை. அன்ரன் பாஸ் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தங்களுக்கு நடந்ததைச் சொன்னார். போன மாரியில், யாரோ மூடாமல் விட்டுப்போன குழிக்குள் வேலாயுதம் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாராம். அவர்கள் வாடகைக்குப் பிடித்துப்போன ஜீப் காட்டுக்குள் சிங்கம்போலப் போனது, திரும்பும்போது ஸ்டார்ட் ஆகவில்லை. மாட்டு வண்டியில் குலுக்கிக் குலுக்கி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் எலும்பு இடம் மாறி, பிறகு தன் விருப்பத்துக்குப் பொருந்திக்கொண்டது. இனி தன்னோடு வருகிற எவரையும் அப்படிக் கொண்டுவருவதில்லை என்று ஹனிபா காக்கா முடிவு செய்திருந்தார். நான் அவருக்குச் சூசையண்ணன், அவர் எனக்குக் காக்கா, இரண்டும் மூத்தவனைக் கூப்பிடுகிற பேர்தான். யார் மூத்தவர் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

"போறத்துக்கு எந்த வண்டியும் போதும் சூசையண்ணன். எங்களுக்கு வாறத்துக்கு ஒண்டு பார்த்துத் தாங்க."

கிடக்கிற ஆளுக்கு

அதன்பிறகு என் வளவில் இருந்ததிலேயே அழகான ஜீப்பை வெளியே எடுத்தேன். தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் வைத்திருந்தது. புது சீற் உறை, புதுக் கூடாரத் துணி, கண்ணாடி பார்த்துத் தலைவாரும் அளவுக்குப் பொலிஷ். ஹனிபா காக்கா ஸ்டியரிங் பிடித்தார், நான் பக்கத்தில் ஏறினேன். வேலாயுதம் மட்டும் பின்பக்கம் போய், பலகையில் காலை நீட்டி, கையை நெஞ்சில் வைத்து, கண்ணை மூடிப் படுத்துவிட்டார்.

உங்களில் எத்தனை பேர் பழைய வண்டியைப் படுத்துப் பார்த்திருக்கிறீர்கள்? நான் அதுவரை கண்டதில்லை. நிலாவெளி ரோட்டில் கொஞ்சத்தூரம் ஓடி, மீன்வாடிப் பக்கம் இறங்கும் மணல் வழியில் வண்டியை விட்டோம். குலுங்கும்போதெல்லாம் பின்னாலிருந்து "ம்" என்று ஒரு சத்தம் வரும். திரும்பிப் பார்த்தேன். ஸ்பெயார் சில்லைத் தாங்குகிற இரும்பு அவருடைய மண்டைக்கு நேர் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. மனிதர் நாலைந்து தரம் வாங்கிக்கொண்டும் வாய் திறக்கவில்லை. முழுவதும் பார்த்துவிட்டுத்தான் சொல்வாராம். வளவுக்குத் திரும்பியதும் இறங்கி, நெற்றி வீக்கத்தைத் தடவிக்கொண்டு, எனக்கு மனம் நோகக் கூடாதே என்பதுபோல மெதுவாகச் சொன்னார்.

"வண்டி நல்லம் அண்ணை. ஆனா இது இருக்கிற ஆளுக்குச் செய்தது, கிடக்கிற ஆளுக்கில்லை."

கழுவக் கூடாது

அந்தக் கிழமையே எனக்கு ஓர் அவமானம் வந்து சேர்ந்தது. ஓர்ஸ் ஹில் நண்பர்கள் கொஞ்சப்பேர் இரத்தினம் தேட என்னிடம் ஒரு ஜீப் எடுத்துக்கொண்டு கந்தளாய்ப் பக்கம் போயிருந்தார்கள். நாலு சில்லும் இழுக்கிற வண்டிக்குச் சேறு ஒரு பொருட்டா என்று நேரே உள்ளே விட்டிருக்கிறார்கள். நாலு சில்லும் ஒற்றுமையாகப் புதைந்துவிட்டன. வயல்காரர் ட்ரக்டர் கட்டி இழுத்துக்கொடுத்தாராம். நண்பர்களின் தலைவர் ஒரு பிறக்கிராசி, கோர்ட்டில் வழக்குப் பேசிப் பழகிய வாய். சேறு அப்பிய ஜீப்பைக் கொண்டுவந்து நடு வளவில் விட்டுவிட்டு, "மற்ற வண்டி எண்டால் சேத்துக்கு இந்தப் பக்கமே நிண்டிருப்பம் சூசை. உம்மட வண்டி நடுவுக்குக் கொண்டுபோய் விட்டுது" என்று வண்டித் திறப்பை என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

அன்ரன் பாஸ் வாளியும் தண்ணீருமாக ஓடிவர, ஹனிபா காக்காவும் வேலாயுதமும் படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள். எனக்கு நிலத்துக்குள் புகுந்துவிடலாம்போல இருந்தது. ஹனிபா காக்கா வாளியைப் பிடித்து நிறுத்தினார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஜீப்புக்கு அடியில் புகுந்தார். வெகுநேரம் வெளியே வரவில்லை. கியர்ப்பெட்டியில், அச்சில், எஞ்சின் அடியில் எல்லாம் சேறு காய்ந்து வெளுத்திருந்தது. எங்கேயாவது எண்ணெய் கசிந்திருந்தால் அந்த இடம் கறுத்து ஊறியிருக்கும். ட்ரக்டர் இழுத்தும் அச்சு வளையவில்லை. வேலாயுதம் தன் பங்குக்குப் பின்பக்கம் ஏறிப் படுத்தார். தலைக்கு மேலே இரும்பு இல்லை, ஸ்பெயார் சில்லு பொனற்றின்மேல் இருந்தது. நான் வெட்கப்பட்டு மறைக்கப் பார்த்த சேற்றையே அவர்கள் ஆசையோடு தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கழுவாம வைங்க அண்ணன். கழுவின வண்டி எல்லாம் ஒரே கதையைத்தான் சொல்லும்."

தள்ள வந்தவர்கள்

அந்தக் காலத்தில் கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை. வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றி, கம்பியைப் பிடித்து இழுத்துக் கொண்டுபோகிற தட்டையான பெரிய தோணிதான். அதைப் பாதை என்போம். பாதையில் ஏறியதும் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். அக்கரையில் மறுபடி ஸ்டார்ட் பண்ணி மேட்டில் ஏற வேண்டும். ஸ்டார்ட் ஆகாவிட்டால் பின்னால் நிற்கும் வாகனங்களுக்கும் வழியில்லை. ஆகவே பாதையில் வந்த சனமெல்லாம் சாரத்தையும் சேலையையும் வரிந்து கட்டிக்கொண்டு தள்ளும். வண்டியின் சொந்தக்காரனுடைய பரம்பரையையும் சேர்த்துத் தள்ளும். அங்கே தள்ளுப்பட்ட வண்டியைக் கிண்ணியாவில் எவரும் வாங்க மாட்டார்கள். இறைவன் தந்த சரிவு எனக்கு ஓர்ஸ் ஹில்லில். இறைவன் வைத்த சோதனை கிண்ணியாப் பாதையில்.

அந்தச் சேற்று ஜீப்பை நாங்கள் மூவரும் அந்தப் பாதைக்குத்தான் கொண்டுபோனோம். அன்ரன் பாஸ் அதில் புதுப் பற்றறி ஒன்றைப் பூட்டி அனுப்பியிருந்தார். எனக்கு அதனால் தைரியம். அக்கரை நெருங்கியதும் ஹனிபா காக்கா திறப்பைத் திருப்பி ஸ்டார்ட் பண்ணுவார் என்று நினைத்தேன். அவர் அதைத் தொடவேயில்லை. சீற்றுக்கு அடியில் இருந்த இரும்புக் கைப்பிடியை எடுத்து வேலாயுதத்திடம் கொடுத்தார். காட்டில் பற்றறி செத்தால் அதுதானே கதி. வேலாயுதம் நல்ல காலை ஊன்றி, கைப்பிடியை எஞ்சினுக்குள் செருகி, ஒரே சுற்றுத்தான் சுற்றினார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. எனக்கு வந்த பெருமை சொல்லி மாளாது. என்னை மாதிரிப் பொய்யனிடம் இருந்து இப்படி ஒரு உண்மையான வண்டி! மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தயாராக நின்ற பெண் ஒருவருக்குத்தான் பெரிய ஏமாற்றம்.

"சே, தள்ளுவம் எண்டு கூடையை இறக்கி வைச்சனான். தலையில தூக்கி வைக்க ஆராவது வாங்கோ!"

அதே கால்

வாங்குகிறேன் என்று ஹனிபா காக்கா இன்னும் சொல்லவில்லை. முதல் பயணத்துக்கு விற்கிறவரும் கூட வர வேண்டும், முடிவு அதற்குப் பிறகுதான். மாடு வாங்கினாலும் அவர் அப்படித்தானாம். வெள்ளைச் சப்பாத்தும் குடையுமாக நானும் புறப்பட்டேன்.

காட்டில் அந்த இருவரையும் பார்த்து நான் வியந்துபோனேன். வேலாயுதம் ஒரு கல்லை உடைத்து வெயிலுக்குப் பிடித்துப் பார்ப்பார். ஹனிபா காக்கா மறுபேச்சில்லாமல் அந்த இடத்தைத் தோண்டுவார். பார்த்து முடிந்த குழியை மூடாமல் அடுத்த குழிக்கு மண்வெட்டி போடமாட்டார்கள். களைத்து விழுந்தாலும் மூடிவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார்கள். ஜீப்பும் அவர்களுக்குச் சளைத்ததல்ல. வேரென்றும் பள்ளமென்றும் பார்க்காமல், சின்னக் கியரில் முனகிக்கொண்டு ஏறியது.

மழை இருட்டிக்கொண்டு வந்தது. தோண்டிக்கொண்டிருந்த கடைசிக் குழிப்பக்கமாக ஹனிபா காக்கா ஜீப்பைப் பின்னுக்கு எடுத்தார். விற்கிறவன் அல்லவா, வண்டியின் அருமையைக் காட்டாமல் இருக்க என்னால் ஏலவில்லை. இரண்டு கையையும் ஆட்டி, "வரலாம், வரலாம், இன்னும் வரலாம்" என்று பின்பக்கமாக நடந்தேன். ஜீப் நிற்க வேண்டிய இடத்தில் சரியாக நின்றது. நான்தான் நிற்கவில்லை. குழிக்குள் விழுந்தபோது கேட்ட சத்தம் காய்ந்த கொப்பு முறிகிற சத்தம் என்று முதலில் நினைத்தேன். வேலாயுதம் குழி விளிம்பில் குந்தி, என்னை ஆராய்ந்து பார்த்தார். தன் கட்டைக் காலைத் தடவிக்கொண்டார்.

"இடது காலோ அண்ணை? எனக்கும் இடதுதான்."

பின்னால் நான்

இரண்டு தடியை வைத்து, என் குடைத்துணியைக் கிழித்துக் காலைக் கட்டினார்கள். வேலாயுதம் எங்கே படுத்துப் பார்த்தாரோ அதே பலகையில் என்னைக் கிடத்தினார்கள். அவர் என் காலை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். மழை கொட்டியது. ஓடையெல்லாம் பெருகிவிட்டது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் நான் அந்தோனியாரைக் கூப்பிட்டேன். ஹனிபா காக்கா அல்லாஹ்வைக் கூப்பிட்டார். வேலாயுதம் யாரையும் கூப்பிடாமல் என் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். தன் காலுக்கு நடந்தது என் காலுக்கு நடக்கக் கூடாது என்பதுதான் அவருக்கு. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. சிங்காரித்து வைத்திருந்த அந்தத் துரையின் ஜீப்பை இவர்கள் தலையில் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். வலியைவிட அந்த நினைப்புத்தான் என்னை அதிகம் நடுங்க வைத்தது.

பாதையில் ஏறி எஞ்சினை நிறுத்தினார்கள். நடுக் கடலேரியில் அவ்வளவு அமைதி. அக்கரை வந்ததும் ஹனிபா காக்கா ஸ்டார்ட் பண்ணினார். சத்தமில்லை. அன்ரன் பாஸின் புதுப் பற்றறி மழையில் நனைந்து சோர்ந்துவிட்டது. சனம் கூடைகளை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. ஹனிபா காக்கா கைப்பிடியோடு குதித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு சுற்று. எஞ்சின் பிடித்துக்கொண்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நான் வாய்விட்டு அழுதேன். வேலாயுதமும் அழுதார்.

எலும்பு இடம் மாறுமுன் கொண்டுவந்தது நல்லது என்று ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னார். காலை நேராகக் கட்டிவிட்டார்கள். இன்றும் நேராகத்தான் நடக்கிறேன். அடுத்த நாள் ஹனிபா காக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்தார். வலியிலும் என் தொழில் புத்தி போகவில்லை. "காக்கா, வண்டியை எடுக்கிறீங்களோ?" என்று கேட்டேன். அவர் என் காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அதை நீங்கதான் சொல்லணும் அண்ணன். பின்னால கிடந்தது நீங்க."

என் தொழில் வாழ்க்கையில் நான் விற்ற வண்டிகளில் நானே நம்பி ஏறியது அந்த ஒன்றில்தான், அதிலும் நானாக ஏறவில்லை, தூக்கித்தான் ஏற்றினார்கள்.