மலாக்கியின் ஆறிப்போன தேநீர்

மலாக்கி டோனலனுக்கு வந்திருப்பது துக்கம் என்று பாலினா ஊரே முடிவு கட்டியிருந்தது. மனைவி நூலா மார்ச்சில் இறந்தாள். ஆகஸ்டில் அவர் மாடிப்படி ஏற மூன்று முறை நின்றார். பேரப்பிள்ளைகளின் பெயரை மறந்தார். முகம் மெழுகாக வெளுத்துப்போனது. இழவு வீட்டுக்கு ஹாம் சாண்ட்விச்சோடு வந்தவர்கள் நோய்க்கான பெயரையும் கூடவே வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

மகள் ஈத்னா கால்வே நகரில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். பதினெட்டு வருடமாக ஊரார் ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தவள், அப்பாவின் முகத்தைப் பார்த்து அவளும் துக்கம் என்றுதான் நினைத்தாள். படித்துக் கிழித்தது அவ்வளவுதான்.

மலாக்கி முப்பத்தொரு வருடம் பால் லாரி ஓட்டியவர். நாளைக்குப் பன்னிரண்டு கோப்பை தேநீர், வாயைப் பொசுக்கும் சூட்டில். சமைக்கத் தெரியாது என்பதை ஒரு பட்டம்போலச் சொல்லிக்கொள்வார். நூலா நோயில் படுத்த பிறகு மூன்று வேளையும் தேநீரும் டோஸ்ட்டும்தான். ஞாயிறன்று மட்டும் முட்டைகோஸ், நூலா வைத்ததுபோல: ஒரு கரண்டி சமையல் சோடா போட்டு, ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். இலை பச்சைப் பசேலென்று தட்டுக்கு வரும். சத்து சாக்கடைக்குப் போகும். அந்தப் பச்சையை நம்பித்தான் அங்கே பல தலைமுறைகள் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டிருந்தன.

ஈத்னாவின் அண்ணன் கொல்ம் அப்பாவுக்கு முதியோர் இல்லத்தில் ஓர் இடம் பிடித்துவிட்டான். மாதக் கடைசிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். அவன் வீட்டுத் தரகன். அப்பாவைப் பற்றியும் காலி செய்ய வேண்டிய வீட்டைப் போலவே பேசினான்.

ஒரு ஞாயிறு ஊருக்கு வந்த ஈத்னா அப்பாவுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அவர் அதை ஜன்னலோரம் வைத்து ஆறவிட்டார். அவள் பார்த்திராத காட்சி அது.

"என்னப்பா, டீயை ஆற வைக்கிறீங்க?"

"நாக்கு எரியுதும்மா. ஒரு மாசமா."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"பொண்டாட்டி செத்தவனுக்கு நாக்கு ஒரு கேடான்னு கேக்க மாட்டாங்களா?"

வாயைத் திறக்கச் சொன்னாள். நாக்கு சொரசொரப்பே இல்லாமல் வழவழவென்று, பச்சை இறைச்சிச் சிவப்பில் இருந்தது.

அப்பாவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ஹெஃபர்னன் அந்த நாக்கை ஒருநாளும் பார்த்ததில்லை. வயது என்றார், துக்கம் என்றார், ஏற்கெனவே இரும்புச்சத்து டானிக் எழுதியிருப்பதாகச் சொன்னார். இது சத்துக் குறைவு, ரத்தம் பாருங்கள் என்று ஈத்னா விடாமல் நிற்கவே, ஃபோலிக் என்ற வைட்டமின் மாத்திரைதானே, சும்மா கொடுத்துப் பார்க்கலாம் என்று பெருந்தன்மை காட்டினார்.

"பி12 பாக்காம கொடுத்தா ரத்தம் சரியான மாதிரி தெரியும், உள்ள நரம்பு போயிடும். இதை நான் வந்து உங்களுக்குச் சொல்லணுமா டாக்டர்?"

ரத்தம் எடுத்தார்கள். சிவப்பணுக்கள் ஊதிப் பெருத்திருந்தன. வெள்ளையணுவின் உட்கரு ஆறு துண்டாகப் பிரிந்திருந்தது. பி12 சரியாக இருந்தது. கோதுமை ஒத்துக்கொள்ளாத நோயும் இல்லை. கீரையிலும் முட்டைகோஸிலும் இருக்கும் ஃபோலேட் சத்துதான் அடிமட்டத்தில் கிடந்தது. தினம் ஐந்து மில்லிகிராம் ஃபோலிக் மாத்திரை, நான்கு மாதம். முதியோர் இல்லத்து இடம் வேண்டாம் என்று கொல்முக்குப் போன் செய்தாள்.

"அம்மா போன துக்கத்துக்கு மாத்திரையா?" என்றான்.

"துக்கத்துக்கு இல்ல. டோஸ்ட்டுக்கு."

அப்பா தேறாவிட்டால் அந்த இடமும் கிடைக்காது, அண்ணன் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான் என்பது அவளுக்குத் தெரியும். மூன்றாம் வாரம் மலாக்கி ஆவி பறக்கத் தேநீர் குடித்தார். பேரப்பிள்ளைகளின் பெயர் ஒவ்வொன்றாகத் திரும்பியது. அக்டோபரில் நிற்காமல் மாடி ஏறினார்.

ஈத்னா முட்டைகோஸை மூன்று நிமிடம் ஆவியில் வைத்து, வெண்ணெய் போட்டுக் கொடுத்தாள்.

"வேகவே இல்ல. உங்கம்மா இருந்திருந்தா உன்னை அடுப்புப் பக்கம் விட்டிருக்க மாட்டா" என்றார்.

சொல்லிவிட்டு முள்கரண்டியைக் கீழே வைத்தார். நூலா செத்ததிலிருந்து அழாத மனிதர் அப்போது அழுதார். அதுவரை அழுவதற்குக்கூட உடம்பில் ரத்தம் இருக்கவில்லை.

அந்த வாரம் தேவாலயத்தில் பூசை முடிந்து ஊரார் ஈத்னாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். உங்கப்பா ஒருவழியாகத் துக்கத்திலிருந்து மீண்டுவிட்டார் என்றார்கள். அவள் மறுக்கவில்லை. அம்மா தன் கையால் பெயர் எழுதி ஒட்டியிருந்த சமையல் சோடா டப்பா, தூக்கி எறியத்தான் எடுத்தது, இன்னும் அவள் பைக்குள் கிடந்தது.