செப்புக் கம்பியும் என் காய்ச்சலும்

போன கிழமை இந்தப் பத்தி வரவில்லை. 'எழுத்தாளர் சுகவீனம்' என்று சின்ன எழுத்தில் ஒரு வரி போட்டிருந்தார்கள். நலம் விசாரித்து நாலைந்து தபாலட்டைகள் வந்தன. நன்றி. ஆனால் எனக்கு ஒரு சுகவீனமும் இல்லை. குத்துக்கல்லு மாதிரி வீட்டில்தான் இருந்தேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மாதத்துக்கு முன் 'சிற்றலை வானொலியில் தமிழ்ச் செய்தியைத் தெளிவாகக் கேட்பது எப்படி' என்று இங்கே எழுதியிருந்தேன். பழைய மோட்டரில் இருந்து செப்புக் கம்பியை உருவுங்கள்... கிணற்றடித் தென்னையில் இருந்து வீட்டுக் கூரை வரை இழுத்துக் கட்டுங்கள்... உயரம் கூடக் கூட நல்லது... எழுதும்போது எனக்கே என் மேல் ஒரு மதிப்பு. மின்னல் நேரத்தில் கம்பியைக் கழற்றிவிடச் சொல்லி எச்சரிக்கை வேறு!

வானத்தில் இருந்து வருவதைப் பற்றி மட்டும் யோசித்திருக்கிறேன். சுற்றிவளைப்புக்கு வருகிற இராணுவத்தினர் அண்ணாந்து பார்ப்பார்களே – மரத்தில் கம்பியைக் கண்டால் என்ன நினைப்பார்கள்? திருகோணமலையில் இருந்துகொண்டு, சென்ட்ரிக்குச் சென்ட்ரி சைக்கிளால் இறங்கி ஏறி வேலைக்குப் போகிறவன் இதை யோசிக்க வேண்டாமா? யோசிக்கவில்லை.

அன்புவழிபுரத்துச் சின்னராசா என்னை நம்பிக் கம்பியைக் கட்டிவிட்டார். கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞர். மாதம் ஒரு தபாலட்டையாவது எனக்குப் போடுவார். 'சீனன்குடாவில் இறங்கும் விமானம் முதலில் கண்ணுக்குத் தெரிகிறது, சத்தம் பிறகுதான் வருகிறது, ஏன்?' – கேள்வியெல்லாம் இப்படித்தான். ஆளைப் பார்த்ததில்லை, கையெழுத்து நன்றாகத் தெரியும்.

பத்து நாளைக்கு முன், காலையில் ஒரு பெண் என் வீட்டு வாசல் படலையில் நின்றார். சின்னராசாவின் மனைவி. விசாரித்து விசாரித்து வந்திருக்கிறார். கையில் கத்தரித்த என் பத்தி.

"சேர், நேற்று ரவுண்டப்பில இவரைக் கொண்டு போயிட்டாங்கள். மரத்தில கம்பி கட்டினது செய்தி அனுப்பவாம். நான் பேப்பரைக் காட்டினனான். ஆமிக் காம்பில ஆருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியேல்ல. எழுதின ஆளைக் கூட்டிக்கொண்டு வா எண்டு பெரியவர் சொன்னவர். ஒருக்கா வாங்கோ சேர்."

எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். முகாம் சைக்கிளில் கால் மணித்தியாலம். இரண்டு வசனம் பேசினால் போதும்: இது நான் எழுதியது, இந்தக் கம்பி செய்தி கேட்கும், அனுப்பாது.

நான் சொன்னது வேறு.

"தங்கச்சி, எனக்குக் கடும் காய்ச்சல். எழும்ப ஏலாமல் இருக்கு."

எழும்பி வந்து, படலையில் நின்றுகொண்டுதான் இதைச் சொன்னேன்.

"அப்ப ஒரு கடிதமாவது தாங்கோ சேர்."

கடிதம் என்றால் கையெழுத்தும் போட வேண்டுமே... பேனை பிடிக்கவும் ஏலாது என்றேன். அவர் பத்தியை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

உள்ளே போய், போர்த்திக்கொண்டு படுத்தேன். அந்தக் கிழமைப் பத்தியையும் எழுதவில்லை. கொஞ்ச நாளைக்குப் பெயர் அச்சில் வராமல் இருந்தால் நல்லது என்று பட்டது. இவ்வளவு காலமும் பெயர் அச்சில் வருவதற்காகவே எழுதியவன்!

மிச்சத்தைச் சந்தையில் கேள்விப்பட்டேன். அந்தப் பெண் இரண்டு நாள் முகாம் வாசலில் நின்றிருக்கிறார். மூன்றாம் நாள், அங்கே மீன் கொடுக்க வந்த கிண்ணியா வியாபாரி ஒருவர் சைக்கிளை நிறுத்தி விசாரித்திருக்கிறார். முன்பின் தெரியாதவர். பேப்பரை வாங்கிக்கொண்டு போய், அதிகாரியின் முன்னால் நின்று, என் பத்தியை வரி வரியாகச் சிங்களத்தில் சொல்லியிருக்கிறார். மின்னலுக்குக் கம்பியைக் கழற்றச் சொன்ன இடத்தில் அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டதாம். பின்னேரம் சின்னராசாவை விட்டுவிட்டார்கள்.

அந்த மீன் வியாபாரிக்கு மட்டும் பயம் இருந்திருக்காதா?

முந்தநாள் சின்னராசா வீட்டுக்கு வந்தார். மெலிந்த மனிதர். கீழ் உதடு வீங்கியிருந்தது. ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார். ஏசத்தான் வருகிறார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையில் ஒரு பிளாஸ்க் வைத்திருந்தார்.

"கம்பியை அறுத்துப் போட்டாங்கள் சேர். பறுவாயில்லை. ரெண்டு கிழமையும் என்ன மாதிரிக் கேட்டது தெரியுமே! பக்கத்தில இருந்து கதைக்கிற மாதிரி."

"இருங்கோ" என்று கதிரையைக் காட்டினேன்.

"மனுசி கொத்தமல்லி அவிச்சுத் தந்தவள். இப்ப காய்ச்சல் எப்பிடி சேர்? படலையைப் பிடிச்சுக்கொண்டு நல்லா நடுங்கினவர் எண்டு சொன்னவள்."

பிளாஸ்க் மூடியில் ஊற்றித் தந்தார். குடித்தேன். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இடி, மின்னல், விமானச் சத்தம் என்று எத்தனையோ விஷயத்தை இங்கே விளக்கியிருக்கிறேன்... எதிரில் இருந்த மனிதருக்கு இந்தச் சின்ன விஷயத்தை விளக்க எனக்கு வாய் எழவில்லை.

அவர் இந்தப் பத்தியை ஒரு கிழமையும் தவறவிடுவதில்லை.

சின்னராசா, அது காய்ச்சல் இல்லை. பயம்.