கைக்குட்டை மூக்குக்குப் போனால்

என் வீட்டுக்காரரை எல்லோரும் மைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக ஒரே சங்கீத அரங்கில் ஒலிபெருக்கி வேலை. எந்தப் பாட்டு பிடிக்கும் என்று கேட்டால், "மைக் கூவாத பாட்டு" என்பார். வீட்டில் நான் பேசுவது பாதி அவர் காதில் விழாது. எல்லாப் புருஷன்மாருக்கும் உள்ள வியாதிதானே என்று நானும் விட்டுவிட்டேன். காது டாக்டர்தான் பரிசோதித்துவிட்டு உண்மையைச் சொன்னார்: கனத்த சத்தம் கேட்கும், மெலிந்த உச்சச் சத்தம் இரண்டு காதிலும் விழவே விழாது.

மைக் கூவுகிற சத்தம் அந்த ரகம்தான். ஒலிபெருக்கியில் வருவதை மைக்கே திரும்ப வாங்கிக்கொண்டால் 'கீ' என்று கிளம்பும். போன மாதம் இரண்டு தடவை கூவிவிட்டது. அரங்கமே காதைப் பொத்திக்கொண்டபோது, இவர் நிம்மதியாகத் தன் ஒலிபெருக்கி மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். அரங்கத்துச் செயலாளர் கூப்பிட்டு, "இன்னொரு தடவை கூவுச்சுன்னா வேற ஆளப் பாத்துக்குவேன்" என்று சொல்லிவிட்டார்.

காது விஷயத்தைச் சொல்லித் தொலையுங்கள் என்றேன்.

"சொன்னா அன்னிக்கே வேலை போயிடும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அப்ப நான் வந்து உக்காந்துக்கறேன். கூவினா கைக்குட்டைய மூக்குல வெச்சுக்குவேன். உடனே சத்தத்தக் குறைங்க. என்னையே பாத்துக்கிட்டு இருக்கணும், ஆமா."

"கல்யாணத்தன்னிக்குக்கூட உன்னை அவ்வளவு நேரம் பாக்கல" என்றார். சிரிப்பு வேறு!

அப்படித்தான் என் வாழ்க்கையில் முதல் கச்சேரிக்குப் போனேன். மூன்றாவது வரிசையில் ஓர நாற்காலி. பக்கச் சுவரோரம் அவருடைய மேஜை. மேடையில் பாடகரும், வயலின் வாசிக்கும் ஓர் அம்மாவும். இரண்டாவது பாட்டில் மெல்ல 'கீ' என்று ஆரம்பித்தது. கைக்குட்டையை எடுத்தேன். அவர் விரல் நகர்ந்தது, சத்தம் அடங்கியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் சுற்றிலும் பார்த்தேன். பக்கத்தில் ஒரு பருத்த மனிதர். அவருக்குத் தும்மல் வந்தது. முகம் சிவக்க, கண்ணில் நீர் முட்ட, அதை அப்படியே விழுங்கிவிட்டார். பாட்டு முடிந்த பிறகுதான் மூச்சுவிட்டார். எங்கள் வீட்டில் மூன்று பேர் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல வாயை மூட மாட்டோம். இங்கே முந்நூறு பேர், ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள், யாரோ ஒருத்தரின் குரலுக்காகத் தும்மலைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த மரியாதைக்காகத்தான் இவர் இத்தனை வருஷம் அந்த மேஜையைக் கட்டிக்கொண்டு அழுகிறாரோ என்று முதல் தடவையாகத் தோன்றியது.

அப்போது பாடகர் நிறுத்தினார். வயலின் அம்மா தனியாக வாசிக்கத் தொடங்கினார். நாதம் மேலே, இன்னும் மேலே போனது. திடீரென்று 'கீ'.

கைக்குட்டை மூக்குக்குப் போனது. பெரிதாகக் கூவுகிறது என்று நினைத்தாரோ என்னவோ, அவர் சத்தத்தை முழுக்க இறக்கிவிட்டார்.

ஒலிபெருக்கி ஊமையாகிவிட்டது. ஆனால் அந்தச் சத்தம் நிற்கவில்லை. வில் அசைந்துகொண்டே இருந்தது. அது கூவல் இல்லை, அந்த அம்மாவின் விரல் போட்ட ஸ்வரம்! முந்நூறு பேரும் நாற்காலி நுனிக்கு வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்டார்கள். கைக்குட்டையைக் கீழே போட்டேன். பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன்!

கச்சேரி முடிந்ததும் செயலாளர் நேரே மேஜைக்கு வந்தார். கூடவே அந்த அம்மா. தொலைந்தோம் என்று நானும் ஓடினேன்.

"அந்த இடத்துல மைக்க மூடினீங்களே! ஊசி விழுந்தா கேக்கற மாதிரி ஆயிடுச்சு. யாருக்கு வரும் இந்த ஞானம்? இனிமே நீங்கதான், வேற பேச்சே இல்ல" என்றார் செயலாளர்.

நான் இவர் முதுகில் கிள்ளினேன். வாயைத் திறக்காதே மனுஷா!

இவர் அந்த அம்மாவைப் பார்த்தார். "நீங்க வாசிச்சத மைக் கூவுதுன்னு நெனச்சு மூடிட்டேம்மா. எனக்கு அந்தச் சத்தமே கேக்காது. இதுக்குப் போய்ப் பாராட்டு வாங்கினா நல்லா இருக்காது."

அந்த அம்மா இவர் கையைப் பிடித்துக்கொண்டார். செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "நாளைக்கு வாங்க, பேசிக்கலாம்" என்றார். நாளைக்கு என்ன பேசுவார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

பேருந்து நிறுத்தத்துக்கு வந்தோம். நான் வாயைத் திறந்தால் அழுதிருப்பேன். அவர்தான் கேட்டார்: "அது எப்படி இருந்துச்சு?"

"எது?"

"நான் மூடினேனே, அது."

நான் பாடினதே இல்லை. என் குரலும் கேட்கச் சகிக்காது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அந்த ஸ்வரத்தை அவர் காதுக்கு எட்டுகிற மட்டும் கீழே இறக்கி, மெல்ல இழுத்தேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையைச் சாய்த்து, மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.