சிறகை இழுத்த சின்னப் பறவை

சித்திரை மாதத்து ஞாயிறு. காலை ஆறு மணிக்கு விருதுநகரில் சாத்தூர்ப் பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கழுத்தில் மகன் வாங்கித் தந்த பைனாகுலர். "கொக்கு எண்ணக் கிளம்பிட்டீகளா ஆத்தா?" என்று கண்டக்டர் வழக்கம்போலக் கேட்டார். நானும் வழக்கம்போலச் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது.

பாதி வழியில் இறங்கி, கரிசல் காட்டுப் பாதையில் ஒரு கிலோமீட்டர் நடந்தால் கண்மாய். நான் அடிக்கடி போகிற இடம். தண்ணீர் வற்றி, நடுவில் மட்டும் குட்டையாகக் கிடந்தது. கருவேல மர நிழலில் உட்கார்ந்தேன். நாரை, கொக்கு, மீன்கொத்தி எல்லாம் தெரிந்த முகங்கள். அவற்றுக்கு நடுவே ஒரு புதுசு. சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரிது. மண் நிற முதுகு, வெள்ளைக் கழுத்தில் கறுப்புப் பட்டை, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். குடுகுடுவென்று ஓடும், சட்டென்று நிற்கும். இதுவரை நான் பார்த்ததே இல்லை.

ஏழரை மணிக்கு மொபெட்டில் ஒருவர் வந்தார். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர், ஐம்பது வயதிருக்கும். ஆர்டருக்கு அனுப்புமுன் புதுச் சரக்கைக் காய்ந்த கண்மாயில் வெடித்துப் பார்ப்பது அவர்கள் வழக்கம். "பெரியம்மா, காதைப் பொத்திக்கோங்க" என்றார். ஒரு சரம் வெடித்தது. புகைக்குள்ளிருந்து அந்தப் பறவை வந்தது, ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு.

அவர் அடுத்த சரத்தை வைத்துக் குனிந்தார்.

"நிப்பாட்டுங்கய்யா! அதுக்குத் தீப்பட்டிருச்சு!"

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

அவர் பற்றவைக்காமல் நிமிர்ந்தார். முழங்கை வரை தழும்பேறிய கை அவருக்கு. "தீப்பட்டா எம்புட்டு எரியும்னு எனக்குத் தெரியும் பெரியம்மா" என்று தண்ணீர் பாட்டிலும் துண்டுமாக அதன் பின்னாலேயே ஓடினார். அவர் நெருங்க நெருங்க அது தத்தித் தத்தி நகர்ந்தது. கரை வரை அவரைக் கூட்டிப்போய், ஜோராகப் பறந்துவிட்டது!

"ஏலே, என்னையவே ஏமாத்திட்டியே!" என்று இடுப்பில் கைவைத்து நின்றார்.

நான் பைனாகுலரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது சுற்றிக்கொண்டு வந்து, அவர் வைத்த சரத்துக்குப் பக்கத்திலேயே கூழாங்கற்கள் மேல் உட்கார்ந்தது. உற்றுப் பார்த்தால் அவை கற்கள் இல்லை, முட்டைகள். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஆத்தாடி, பிள்ளைகள வச்சுக்கிட்டா இம்புட்டு நடிச்சே?" என்று தீப்பெட்டியைப் பைக்குள் வைத்தார்.

"வெடிச்சுப் பார்க்காமப் போனா உங்க முதலாளி ஏச மாட்டாரா?" என்று கேட்டேன்.

"ஏசுவாரு. ஏசட்டும். கல்குவாரிப் பக்கம் போயி வெடிச்சுக்கிடுதேன். பொரிக்கிற வரைக்கும் இங்கன வராதீகன்னு மத்தவகளுக்கும் சொல்லிருதேன்."

சரத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டார். மொபெட்டை ஸ்டார்ட் செய்யாமல் கரை தாண்டும்வரை உருட்டியே போனார்.

திரும்பும்போதும் அதே கண்டக்டர். "இன்னைக்கு என்ன பறவை ஆத்தா?"

"பேரு தெரியாது தம்பி. வீடு தெரியும்."

"எங்கன இருக்கு?"

"அதைச் சொல்ல மாட்டேன்."

பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.